ஐஸ்கிரீம் தப்பு, கோயில் சரி

கேள்வி: என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. மாமல்லபுரம் டூர் போனதப் பத்தி ஸ்கூல்ல கட்டுரை எழுதச் சொன்னாங்க. "காலையில் பேருந்தில் ஏறினோம். கடற்கரைக் கோயிலைப் பார்த்தோம். அது கடலோரத்தில் நிற்கிறது. பிறகு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறோம். இரவில் வீடு திரும்பினோம்"னு எழுதியிருக்கா. நிற்கிறது, சாப்பிடுகிறோம் ரெண்டையும் சுழிச்சு "காலம் தப்பு"ன்னு போட்டுட்டாங்க. அழுதுட்டே வந்தா, எனக்கும் விளக்கத் தெரியல. - வாசகி, திருச்சி

பதில்: பாப்பாகிட்ட மொதல்ல இதச் சொல்லுங்க, ரெண்டுல ஒண்ணுதான் தப்பு. ஐஸ்கிரீம் அன்னைக்கே சாப்பிட்டு முடிஞ்சுபோச்சு, முன்னாடி பார்த்தோம்னு இருக்கு பின்னாடி திரும்பினோம்னு இருக்கு, நடுவுல இது மட்டும் சாப்பிடுகிறோம்னு நின்னா படிக்கறவங்களுக்கு இடறும், அத சாப்பிட்டோம்னு மாத்தணும். ஆனா கோயில் இன்னைக்கும் அங்கதானே நிக்குது! மலை நிற்கிறதுங்கற மாதிரி எப்பவும் இருக்கறத நிகழ்காலத்துலயே சொல்லலாம்னு நன்னூல்லயே விதி இருக்குங்க. அதே கோயில "8ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டினான்"னு எழுதினா அது முடிஞ்ச காரியம், இறந்தகாலம்தான் வரும்.

பசங்க ஏன் இப்படி எழுதறாங்கன்னா நாம பேசறதே அப்படித்தான். "நேத்து பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறேன், ஒருத்தர் வர்றார், என்னையே பாக்கறார்"னு சொல்வோம்ல, பேச்சுல அது ரொம்ப அழகு, ஆனா ஏறினோம் பார்த்தோம்னு ஆரம்பிச்ச கட்டுரைல நடுவுல வந்தா ஒட்டாது.

தமிழ்ல ஒரு வசதி, வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தோட கடைசிலதான் வரும். எழுதி முடிச்சதும் முற்றுப்புள்ளிக்கு முன்னாடி இருக்கற சொல்லுக்கு மட்டும் பென்சில்ல கோடு போட்டு அத மட்டும் சத்தமா படிக்கச் சொல்லுங்க: ஏறினோம், பார்த்தோம், நிற்கிறது, சாப்பிடுகிறோம், திரும்பினோம். மாறி வர்றது காதுல பட்டுடும். அப்ப "இது அன்னைக்கு நடந்து முடிஞ்சதா, இப்பவும் இருக்கா"ன்னு அவளே கேட்டுக்கட்டும்.

ஒண்ணு மட்டும் கவனம், "பாட்டி சின்ன வயதில் தினமும் கிணற்றில் தண்ணீர் இறைப்பார்"னு எழுதினா எதிர்காலம்னு அடிச்சிடாதீங்க, வழக்கமா செஞ்சதுக்குத் தமிழ்ல அப்படித்தான் வரும். ஒருநாள் நடந்ததுன்னாதான் இறைத்தார்.

"நிற்கிறது"ங்கற சொல்லச் சுழிச்சதுக்காக நோட்ட எடுத்துட்டுப்போய் மிஸ்கிட்ட பணிவா கேக்கச் சொல்லுங்க, நீங்க போறதவிட பாப்பாவே கேட்டா நல்லது.