அந்த உறைகளைத் தண்ணீரில் போடாதீர்கள்: 1923 ஜெர்மன் தபால்தலைகள் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் தாத்தா தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஜெர்மனியிலிருந்து வந்த பதினோரு பழைய உறைகள் கிடைத்தன. ஒன்றில் "20 மில்லியார்டன்" என்று அச்சிட்ட தலைகள் நான்கு ஒட்டியிருக்கின்றன, முத்திரையில் 22.11.23 என்று தேதி. இரண்டு உறைகளில் ஸ்டாம்ப்பே இல்லை. கூடவே, அப்பா சேர்த்த ஆல்பத்தில் உதிரி ஜெர்மன் தலைகள் நிறைய, 1935 என்று போட்ட, நான்கு தலைகள் கொண்ட ஒரு சிறு தாள். தாளின் ஓரம் பழுப்பாகி வருகிறது. உறைகளை ஊறவைத்து ஸ்டாம்ப்களைப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டலாம் என்று என் மகன் சொல்கிறான். செய்யலாமா? இவற்றுக்கு மதிப்பு உண்டா?

பதில்: தயவுசெய்து ஊறவைக்க வேண்டாம். மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏன் என்று உங்கள் உறையை வைத்தே காட்டுகிறேன்.

1923 ஜனவரி நடுவில் ஜெர்மனிக்குள் ஒரு சாதாரணக் கடிதம் அனுப்ப 50 மார்க் போதும். ஆகஸ்ட் 1 அன்று அது 1,000 மார்க். அக்டோபர் 1 அன்று 20 லட்சம். நவம்பர் 5 அன்று ஒரு மில்லியார்டு, அதாவது 100 கோடி. நவம்பர் 20 அன்று 20 மில்லியார்டு, நம் கணக்கில் 2,000 கோடி மார்க். பணம் அப்படி மதிப்பிழந்துகொண்டிருந்தது. கட்டணம் கடைசியில் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. புதுத் தலை அச்சடித்து ஈடுகொடுக்க முடியவில்லை என்று கையிருப்பில் கிடந்த பழைய தலைகளின் மேலேயே புது விலையை அச்சடித்து விற்றார்கள். 200 மார்க் தலை ஒன்றின் மேல் "2 மில்லியோனன்", அதாவது 20 லட்சம், என்று கறுப்பில் இருப்பதை உங்கள் ஆல்பத்திலும் பார்ப்பீர்கள்.

இப்போது உங்கள் உறை. அது இந்தியாவுக்கு வந்தது, ஆகவே வெளிநாட்டுக் கட்டணம். நவம்பர் 20 முதல் 25 வரை வெளிநாட்டுக் கடிதத்துக்கு 80 மில்லியார்டு. உங்கள் உறையில் 20 மில்லியார்டு தலைகள் நான்கு. கணக்கு சரியாக வருகிறது.

இதே உறை, இதே நான்கு தலைகள், முத்திரையில் மட்டும் 28.11.23 என்று இருந்தால்? அதுவும் சரியான கட்டணம்தான்! நவம்பர் 26 முதல் 30 வரை வெளிநாட்டுக் கடிதத்துக்கு 320 மில்லியார்டு. ஆனால் அந்த ஐந்து நாட்களில் தபால் நிலையம் தலைகளை முகமதிப்பைப் போல நான்கு மடங்கு விலைக்கு விற்றது, நான்கு மடங்காகவே கணக்கும் வைத்துக்கொண்டது. 20 மில்லியார்டு என்று அச்சிட்ட தலைக்கு 80 மில்லியார்டு பெறுமானம். அப்படிப்பட்ட உறைகளைத் தனியாகத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆறு நாள் இடைவெளியில் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் இரண்டு உறைகள் வெவ்வேறு கதை சொல்கின்றன. அந்தக் கதை முழுக்க முத்திரையின் தேதியிலும், எங்கே போகிறது என்ற முகவரியிலும், எத்தனை தலை என்ற எண்ணிக்கையிலும் இருக்கிறது. தலைகளைப் பிரித்தெடுத்தால் முத்திரை கால்வாசி இதிலும் கால்வாசி அதிலும் போய்விடும், முகவரி குப்பைக்குப் போகும், கையில் மிஞ்சுவது நான்கு சாதாரண ஸ்டாம்ப்.

அந்த இரண்டு "ஸ்டாம்ப் இல்லாத" உறைகளையும் எடுத்துப் பாருங்கள். அந்த வருடம் அக்டோபர், நவம்பரில் பல ஊர்களில் போதுமான விலைத் தலைகள் கையிருப்பில் இல்லை. கட்டணத்தைக் காசாக வாங்கிக்கொண்டு, "கெபூர் பெட்சால்ட்" (Gebühr bezahlt) என்று, கட்டணம் செலுத்தப்பட்டது என்ற பொருளில், ஒரு ரப்பர் முத்திரை குத்தியோ கையால் எழுதியோ அனுப்பினார்கள். மேல் மூலையில் மங்கலாக அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். இருந்தால் ஸ்டாம்ப் ஒட்டிய உறைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல அது. எனக்கு அவை இன்னும் பிரியமானவை. உறையின் பின்புறமும் முக்கியம். இந்தியா வந்து சேர்ந்த முத்திரை இருந்தால் கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று தெரிந்துவிடும்.

உங்கள் உறைகளுக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் மிஷனரிகள் இந்தியாவை விட்டு அனுப்பப்பட்டார்கள். அப்படி ஊர் திரும்பிய ஒருவர், ரொட்டி வாங்கவே கட்டுக்கட்டாக நோட்டு தேவைப்பட்ட நாட்களில், தரங்கம்பாடி வாத்தியாருக்குக் கடிதம் போட்டிருக்கலாம். அனுப்புநர் பெயர் உறையின் பின்மடிப்பில் இருக்கும், பாருங்கள். பதினோரு உறையும் ஒரே நபருக்கு வந்தவை என்பதால் தனித்தனியாக விற்பதைவிட ஒன்றாக வைத்திருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். கிரீடமும் கவசமும் அணிந்த பெண் படம் போட்டவை ஜெர்மானியா வரிசை. 1900 முதல் 1922 வரை வந்தவை, பெரும்பாலானவை கோடிக்கணக்கில் அச்சானவை. அவற்றைப் பையன் தாராளமாகக் கையாண்டு பழகலாம்.

1923 உதிரித் தலைகளில்தான் ஏமாறும் இடம் இருக்கிறது. வழக்கமாக நாம் என்ன நினைப்போம்? முத்திரை படாத மிண்ட் தலைக்கு விலை அதிகம், முத்திரை குத்தியதற்குக் குறைவு என்று. இங்கே பல தலைகளுக்கு அது தலைகீழ். சில நாட்களே செல்லுபடியான தலைகள் அவை. உண்மையாகக் கடிதத்தில் போனவை கொஞ்சம், விற்காமல் மிஞ்சிப் பிறகு சேகரிப்பாளர்கள் கைக்குப் போனவை ஏராளம். அதனால் மலிவான மிண்ட் தலையை வாங்கிப் பொய் முத்திரை குத்தி விற்கும் தொழிலே நடந்தது. ஜெர்மனியின் தபால்தலை விலைப்பட்டியலான மிஷேல் கேட்டலாக்கில் அந்தக் காலத் தலைகளுக்குப் போட்டிருக்கும் "யூஸ்டு" விலை, நிபுணர் பரிசோதித்த தலைகளுக்கு மட்டும்தான். கேட்டலாக்கைத் திறந்து பார்த்து மலைத்துப்போய் மனக்கணக்கு போட்டுவிடாதீர்கள்.

நீங்களே செய்யக்கூடிய முதல் சோதனை தேதிதான். அந்தத் தலை வெளியான நாளுக்கு முந்தைய தேதி முத்திரையில் இருந்தால் பொய். 1924 என்று இருந்தாலும் பொய், ஏனென்றால் பணவீக்க காலத் தலைகள் 1923 டிசம்பரோடு செல்லாமல் போயின. டிசம்பர் 1 முதல் ரென்டன்ஃபெனிக் என்ற புதுக் காசில் தலைகள் வந்துவிட்டன. ஒரு ரென்டன்மார்க்குக்கு லட்சம் கோடி பழைய மார்க். அப்புறம் தலையைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். "இன்ஃப்ளா பெர்லின்" என்றும் ஒரு பெயரும் மிகச் சிறிய எழுத்தில் இருந்தால், அந்தப் பெயருள்ள ஜெர்மன் சேகரிப்பாளர் சங்கத்தின் நிபுணர் முன்பே பார்த்துச் சான்று தந்திருக்கிறார். அழுக்கு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அப்படி எதுவும் இல்லாமல் விலையுயர்ந்தது என்று சந்தேகப்படும்படி ஏதாவது தென்பட்டால், முதலில் இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து அப்படிப்பட்ட நிபுணருக்கு அனுப்பி, பரிசோதனைக் கட்டணத்துக்குத் தகுமா என்று கேட்டுக்கொண்டு அப்புறம் அனுப்புங்கள். உதிரித் தலை ஒவ்வொன்றையும் அனுப்பினால் செலவுதான் மிஞ்சும்.

கடைசியாக அந்த 1935 தாள். கீழேயோ மேலேயோ "ஓஸ்ட்ரோப்பா" என்று அச்சிட்டிருக்கிறதா? ஆம் என்றால் அது கோனிக்ஸ்பெர்க் நகரில் நடந்த தபால்தலைக் கண்காட்சிக்காக வெளியிட்டது, உங்களிடம் உள்ளவற்றில் உடனே கவனிக்க வேண்டியதும் அதுதான். அதன் பசையில் கந்தக அமிலம் கலந்திருந்தது. வருடக்கணக்கில் அது தாளைத் தின்கிறது. பழுப்பு நிறம் அதனால்தான். பசையைக் கழுவி எடுத்துவிடுவதே தாளைக் காப்பாற்றும் வழி என்பது சேகரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட வழக்கம். மற்றத் தாள்களில் பசை போனால் மதிப்பும் போகும். இங்கே பசையோடு விட்டால் தாளே பொடியாகும்.

ஆக, தண்ணீர் காட்ட வேண்டியது உங்கள் பெட்டியில் இது ஒன்றைத்தான். ஆனால் வீட்டுக் கிண்ணத்தில் நீங்கள் செய்ய வேண்டாம். பழுப்பேறிய தாள் நனைந்ததும் மடிப்பில் கிழியும். காகிதப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அதுவரை மடக்காமல், மற்றத் தலைகளோடு முகம் உரசாமல், தனியாக வையுங்கள். அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும்.

உறைகளை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். பிவிசி கவர்களும் வேண்டாம், மை அதில் ஒட்டிக்கொள்ளும். கடலோரக் காற்றில் டிரங்குப் பெட்டி ஆகாது. பாலியெஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, காற்றோட்டமான அலமாரியில் நிறுத்தி வையுங்கள். உள்ளே கடிதம் இருந்தால் அந்தந்த உறையோடே இருக்கட்டும். எந்த உறை பெட்டியில் எந்தக் கட்டில் இருந்தது, தாத்தா எந்த வருடம் வரை அந்தப் பள்ளியில் இருந்தார் என்று வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் கேட்டு ஒரு தனித் தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். உறையின் மேல் பென்சிலால்கூட எழுத வேண்டாம்.