டவரும் பைலட்டும் பேசும் ரேடியோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் மழைக்காலத்தில் விமானங்கள் ஏன் தாமதமாகின்றன என்று எழுதியபோது, நடுவில் ரேடியோவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டுதான். வேலை பார்த்த காலமெல்லாம் விமான நிலைய ரேடியோக்களைப் பராமரித்தவன் என்பதால் எனக்கு அதில் பெரிய சந்தோஷம். இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கையில் 5ஜி போன் இருக்கிற காலத்தில் விமானங்கள் இன்னும் பழைய ஏ.எம். ரேடியோவில்தான் பேசுகின்றனவாமே, உண்மையா? ஏன் மாற்றவில்லை?
– வாசகர், பல்லாவரம்

உண்மைதான். உங்கள் வீட்டு எஃப்.எம். ரேடியோ 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது இல்லையா, அதற்குக் கொஞ்சம் மேலே 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானப் பேச்சுக்கென்று உலகம் முழுக்க ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் பேசுவது ஏ.எம். முறையில். பழசு என்பதால் மட்டும் இது நீடிக்கவில்லை, ஒரு நல்ல காரணமும் இருக்கிறது.

எஃப்.எம். ரேடியோவில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், பலமான சிக்னல் பலவீனமானதை அப்படியே விழுங்கிவிடும். இரண்டாவது ஆள் பேசினான் என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. ஏ.எம்.-இல் அப்படி இல்லை, இரண்டும் மோதிக் 'கீ...' என்று ஒரு ஊளைச் சத்தம் வரும், தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலருக்கு உடனே இன்னொருவரும் பேச முயன்றார் என்று தெரிந்துவிடும், "திரும்பச் சொல்லுங்கள்" என்பார். ஒரு அலைவரிசையில் பத்துப் பதினைந்து விமானங்கள் காத்திருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த ஊளையும் ஒரு முறை பெரிய பழியோடு சேர்ந்துகொண்டது. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு, ஓடுபாதையில் மூடுபனி. கே.எல்.எம். விமானம் கிளம்ப ஆரம்பித்துவிட்டது, அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. டவர் "கிளம்பத் தயாராக நில்லுங்கள், கூப்பிடுகிறேன்" என்று சொன்னதும், பான் ஆம் "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று சொன்னதும் ஒரே நொடியில் மோதிக்கொண்டன. கே.எல்.எம். காக்பிட்டில் டவர் சொன்னதில் தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும், பின்னால் ஊளை. 583 பேர் போனார்கள். அதற்கப்புறம்தான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை உண்மையிலேயே கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும், மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். பைலட் உத்தரவை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்வதையும் அதிலிருந்து இன்னும் கண்டிப்பாக்கினார்கள்.

போனில் இல்லாத இன்னொன்றும் இதில் உண்டு. எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள். பின்னால் வருகிற பைலட், முன்னால் இறங்குகிறவர் "காற்று பலமாக இருக்கிறது" என்று சொல்வதைக் கேட்டே தயாராகிவிடுவார். அவருக்கென்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ரேடியோ எல்லாம் யாருடையது, எங்கே இருக்கிறது? டவர் உச்சியில் ஆன்டெனா எதையும் காணோமே?
– வாசகி, குரோம்பேட்டை

விமானத்துக்குள் இருப்பது விமான நிறுவனத்துடையது. தரையில் இருப்பது மத்திய அரசின் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துடையது. 1995 ஏப்ரல் 1-ஆம் தேதி இரண்டு பழைய ஆணையங்களைச் சேர்த்து இதை உண்டாக்கினார்கள். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று நாட்டின் வானத்தை நாலு பெரிய வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. சென்னை வட்டாரம் தெற்கு முழுக்கப் பரவி வங்காள விரிகுடாவுக்குள்ளும் வெகுதூரம் போகிறது.

ஆன்டெனா விஷயத்தில் நீங்கள் கவனித்தது சரி. அனுப்பும் நிலையத்தையும் வாங்கும் நிலையத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் பக்கத்தில் கத்துகிற டிரான்ஸ்மிட்டர் ரிசீவரின் காதைச் செவிடாக்கிவிடும், அதனால் வளாகத்துக்குள் தள்ளித் தள்ளி வைப்போம். வெளியிலிருந்து பார்த்தால் சின்னக் கட்டடம், இரண்டு மூன்று கம்பம். உள்ளே எப்போதும் ஏசி குளிர், அலமாரி மாதிரி அடுக்குகள், ஒவ்வொரு அலைவரிசைக்கும் மெயின் ஒன்று, ஸ்டாண்ட்பை ஒன்று. பக்கத்து அறையில் பேட்டரி வரிசை, வெளியே ஜெனரேட்டர். ஷிஃப்ட் ஆரம்பித்ததும் முதல் வேலை 'ரேடியோ செக்'. எதிர்முனையில் "ரீடபிலிட்டி ஃபைஃப்" என்று சொன்னால்தான் எனக்குக் காபி இறங்கும். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், ஐந்து என்றால் சுத்தமாகக் கேட்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒரு அலைவரிசையில் தேனீக்கூடு மாதிரி விடாமல் ஒரு ரீங்காரம். பக்கத்து விமானங்கள் தெளிவாகக் கேட்டன, தூரத்து விமானம் கூப்பிட்டால் அந்த ரீங்காரத்துக்குள் அமுங்கிப்போனது. ரிசீவரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஆன்டெனா இணைப்பைப் பிரித்துத் துடைத்தோம், போகவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஊரில் கரண்ட் போனது, எங்களுக்கு ஜெனரேட்டர் ஓடுகிறது, ரீங்காரம் மட்டும் நின்றுவிட்டது! அப்போதுதான் புரிந்தது, சத்தம் எங்களிடம் இல்லை, ஊருக்குள் இருக்கிறது. கையில் பிடிக்கும் ரிசீவரும் ஒரு திசை ஆன்டெனாவும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். கடைசியில் ஒரு வீட்டு மாடியில் கேபிள் டிவி ஆம்ப்ளிஃபையர், மூடி திறந்து கிடக்க, இணைப்பு துருப்பிடித்து லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து கேபிள் டிவி சில சேனல்களை விமான அலைவரிசை இருக்கும் அதே இடத்தில்தான் கம்பிக்குள் அனுப்பும், கம்பி ஒழுகினால் எங்கள் காதில் விழும். ஆபரேட்டர் பையன் வந்து பத்து நிமிஷத்தில் சரி செய்தான், வீட்டு அம்மா மோர் கொடுத்தார்கள்.

அந்தமானுக்குப் போகும்போது நடுக்கடலில் விமானம் யாரிடம் பேசும்?
– வாசகர், தூத்துக்குடி

நல்ல கேள்வி. முதலில் சொன்ன 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வி.எச்.எஃப். என்று பெயர், அது நேர்கோட்டில் போவது, பூமியின் வளைவுக்குப் பின்னால் போனால் அவ்வளவுதான். 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்துக்குத் தரை நிலையம் ஏறத்தாழ 425 கி.மீ. வரை எட்டும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் சுமார் 1,350 கி.மீ. இரண்டு கரையிலிருந்தும் எட்டுகிற தூரத்தைக் கழித்துப் பாருங்கள், நடுவில் 500 கி.மீ. போல ஒரு வெற்றிடம் வருகிறது.

அங்கே எச்.எஃப். வரும், 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை. வானத்தின் மேலடுக்கில் பட்டு எகிறி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனால் இரைச்சல் தாங்காது. பகலில் ஒரு அலைவரிசை, ராத்திரியில் அதைவிடக் குறைந்த ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் சில மணி நேரம் ஒன்றுமே கேட்காது. அந்த இரைச்சலை மணிக்கணக்கில் காதில் வைத்திருந்தால் பைலட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று 'செல்கால்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் நாலெழுத்துக் குறியீடு, தரையிலிருந்து அதற்குரிய இசைத்தொனிகளை அனுப்பினால் அந்த விமானத்தின் காக்பிட்டில் மட்டும் மணி அடிக்கும். அதுவரை ஒலியைக் குறைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இப்போது பெரிய விமானங்கள் பலவற்றில் செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்தியும் வந்துவிட்டது. கன்ட்ரோலர் உயரத்தை மாற்றச் சொல்லித் தட்டச்சு செய்தால் காக்பிட் திரையில் வரும், பைலட் 'வில்கோ' என்று ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். செய்வேன் என்று அர்த்தம். சென்னையின் கடல் பகுதியிலும் இது புழக்கத்தில் இருக்கிறது. கடலுக்கு அருமையான ஏற்பாடு. இறங்கப்போகும் நேரத்தில், ஒரு நொடியில் "மேலே ஏறு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் குரல்தான் வேண்டும்.

சென்னை கன்ட்ரோலரும் தமிழ் பைலட்டும் தமிழில் பேசிக்கொள்வார்களா?
– வாசகர், மதுரை

வணக்கம் சொல்வதோடு சரி, மற்றதெல்லாம் ஆங்கிலம். அதுவும் நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் இல்லை. மூன்று என்பது 'ட்ரீ', ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்'. இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றாகக் கேட்கக் கூடாதே. இரண்டு தமிழர்கள் தமிழில் பேசினால் அவர்களுக்குப் புரியும், அதே அலைவரிசையில் இருக்கிற மலேசிய பைலட்டுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாமல் போகும்.

இதன் விலையை நம் நாடு கொடுத்திருக்கிறது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும், சவுதி விமானம் 14,000-இல் ஏறி வந்துகொண்டிருந்தது. கன்ட்ரோலர் எதிரே விமானம் வருகிறதென்று சொல்லவும் செய்தார். ஆனால் கஜகஸ்தான் காக்பிட்டில் கன்ட்ரோலரோடு பேசியவர் ரேடியோ ஆபரேட்டர், விமானத்தை ஓட்டியவர்கள் அவர் வழியாகத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விமானம் 15,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. சர்வதேச அளவில் பைலட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் ஆங்கிலத் தேர்ச்சி அளவுகோல் 2008-இல் நடைமுறைக்கு வந்ததற்குப் பின்னால் இந்த மாதிரி விபத்துகள் இருக்கின்றன.

ரேடியோ மொத்தமாகச் செத்துப்போனால்?
– வாசகி, சேலம்

விமானத்தில் இரண்டு மூன்று செட் இருக்கும், அதனால் அபூர்வம். அப்படியே ஆனால் பைலட் தன் டிரான்ஸ்பாண்டரில், அதாவது ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவியில், 7600 என்று வைப்பார், ரேடார் திரையில் 'பேச முடியவில்லை' என்று தெரிந்துவிடும். டவரில் ஒரு விளக்குத் துப்பாக்கி இருக்கிறது, நான் பார்த்தது கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும். நிலையான பச்சை காட்டினால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு, சிவப்பு மின்னினால் இங்கே இறங்காதே. எத்தனை கம்ப்யூட்டர் வந்தாலும் அந்த விளக்கை எடுக்கவில்லை.

போனை ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் நிஜமாகவே ஆபத்தா?
– வாசகர், திருப்பூர்

விமானம் விழுந்துவிடாது. ஆனால் பழைய 2ஜி போன் பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் 'டிட்டிட் டிட்டிட்' என்று சத்தம் வருமே, அதே சத்தம் பைலட்டின் ஹெட்செட்டில் வரலாம், அதுவும் அவர் உயரத்தைக் காதில் வாங்குகிற நேரத்தில். போட்டுவிடுங்கள்.

மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறாள். கன்ட்ரோலர் ஆக முடியுமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

தாராளமாக. இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்சி., அல்லது இந்த இரண்டும் பாடமாக இருந்த பொறியியல் பட்டம் போதும், ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். பிரயாக்ராஜில் இருக்கும் பயிற்சிக் கல்லூரி இதில் பழைய பெயர். என்னை மாதிரி கருவிகள் பக்கம் வர வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு அப்புறம் கன்ட்ரோலர்களுக்குக் குரல் தேர்வு ஒன்று உண்டு. இன்றிலிருந்தே வீட்டில் ஆங்கில நாளிதழை ஒரு பத்தி சத்தமாக, நிதானமாக, எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்து அறையில் மிக்ஸியை ஓடவிட்டுக் கேளுங்கள், எந்த எண் விளங்கவில்லையோ அதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.