மனசா, உடம்பா? மூன்று மணிக்கு முழிப்பவர்களின் கடிதங்கள்

போன இதழில் ‘தூங்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. கடலூரிலும் புதுச்சேரியிலும் இத்தனை பேர் ராத்திரி கொட்டக் கொட்ட முழித்திருக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் முன்பே எழுதியிருப்பேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஆலையில் ஷிஃப்ட் வேலை, 12 வருடமாகிறது. நைட் முடித்து வந்து படுத்தால் பதினோரு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. எதற்கெடுத்தாலும் கோபம், வயிறும் சரியில்லை. “பகல் முழுக்க ஓய்வுதானே, அப்புறம் ஏன் எரிந்து விழுகிறீர்கள்” என்கிறாள் மனைவி. (வடலூர்)

பதில்: மணிக் கணக்கில் அவர் சொல்வது சரி, உடம்புக் கணக்கு வேறு. கண் நரம்புகள் இரண்டும் மூளைக்கு அடியில் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு நரம்பணுக் கொத்து இருக்கிறது, ஏறத்தாழ 20,000 அணுக்கள். உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதைச் சும்மா விட்டால் ஒரு நாளை 24 மணியைவிடச் சில நிமிடம் கூடுதலாக இழுக்கும், அதனால் தினமும் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இதற்கென்றே விழித்திரையில் சில அணுக்கள் உண்டு. உருவம் பார்ப்பது அவற்றுக்கு முக்கிய வேலையில்லை, வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து மேலே தகவல் அனுப்புவதுதான் வேலை. நீங்கள் காலையில் ஷிஃப்ட் முடித்துக் கிழக்கே பார்த்து பைக்கில் வருகிறீர்கள், மூஞ்சிக்கு நேரே சூரியன். கடிகாரம் விடிந்துவிட்டது என்று முடிவு பண்ணி ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோனை நிறுத்திவிடுகிறது, உடல் வெப்பத்தை ஏற்றுகிறது. அதற்கப்புறம் படுத்துத் தூங்குவது எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிற வேலை.

வயிற்றுக் கதையும் இதுவேதான். கல்லீரல், குடல், கணையம் எல்லாவற்றிலும் சின்னச் சின்னக் கடிகாரங்கள் இருக்கின்றன, அவை சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துப் போகும். ராத்திரி இரண்டு மணிக்குக் கேன்டீன் பரோட்டா உள்ளே போனால் தலைமைக் கடிகாரம் ‘ராத்திரி’ என்கிறது, குடல் ‘பகல்’ என்கிறது.

வீட்டுக்கு வரும்போது நல்ல கறுப்புக் கூலிங் கிளாஸ் போடுங்கள், ஆனால் கண் சொக்குகிறது என்றால் பைக்கையே எடுக்காதீர்கள். படுக்கிற அறை ஜன்னலுக்குக் கெட்டியான துணி. டீ ஷிஃப்டின் முதல் பாதியோடு சரி. முழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது, அது சேரச் சேரத்தான் கண்ணை இழுக்கிறது. டீயில் இருக்கும் காஃபீன் அந்த அடினோசினைக் குறைப்பதில்லை, அது உட்கார வேண்டிய இடத்தில் முன்னாலேயே துண்டு போட்டுப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விடிகாலை நாலு மணிக்குக் குடித்ததில் ஏறத்தாழ பாதி ஒன்பது மணிக்கும் உங்கள் ரத்தத்தில் இருக்கும். ஷிஃப்ட் மாற்றுவதில் உங்களுக்குச் சொல்லும் உரிமை இருந்தால் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் கேளுங்கள், உடம்புக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போவதற்குத்தான் சுலபமாக இணங்கும்.

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 54. பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் வந்துவிடும், மூன்று மணிக்கு டாண் என்று முழிப்பு. விடிகிற வரைக்கும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஆறு மாதமாக இப்படி. சாப்பாடு பிடிக்கவில்லை, 6 கிலோ இளைத்திருக்கிறேன். காலையில் மனசு கல் மாதிரி கனக்கிறது, சாயங்காலம் கொஞ்சம் தேவலை. மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். மகன் “எல்லாம் மனசுதான், யோசிக்காதே அம்மா” என்கிறான். தூக்கம் கெட்டதால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் தூக்கம் கெட்டதா? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கடைசியில் நீங்கள் கேட்டிருப்பதற்கு வைத்தியர்களே ரொம்ப நாள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தோம்: மனநோய் வந்தால் தூக்கம் கெடும், நோயைப் பார்த்தால் தூக்கம் தானாகத் திரும்பும். பாதிதான் உண்மை. மனச்சோர்வே இல்லாமல் தூக்கமின்மை மட்டும் இருந்தவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், நன்றாகத் தூங்குகிறவர்களைவிட அவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. ஆக வண்டி இரண்டு பக்கமும் ஓடுகிறது.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு பழைய கதை. 1917-ல் வியன்னாவில் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ என்ற மருத்துவர் ஒரு விநோதமான மூளைக்காய்ச்சலைப் பற்றி எழுதினார். சில நோயாளிகள் நாள்கணக்கில் தூங்கிக்கொண்டே இருந்தார்கள், சிலருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. இறந்தவர்களின் மூளையைப் பார்த்தபோது, தூங்கித் தூங்கிப் போனவர்களுக்கு மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸின் பின்பக்கம் பழுதாகியிருந்தது, தூங்கவே முடியாதவர்களுக்கு முன்பக்கம். அதாவது தூக்கம் என்பது சுவிட்சை அணைத்தால் தானாக வரும் இருட்டு கிடையாது. அதை உண்டுபண்ண மூளையில் தனி இடம் இருக்கிறது, முழிப்பை உண்டுபண்ண வேறு இடம், இரண்டும் சீசாப் பலகை மாதிரி ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டிருக்கின்றன. பசி, உடல் வெப்பம், உடம்பை முடுக்கிவிடும் கார்ட்டிசால் ஹார்மோனின் சுரப்பு இவற்றை நிர்வாகம் பண்ணுவதும் அதே ஹைபோதலாமஸ்தான். உங்கள் கடிதத்தில் முழிப்பும் பசியின்மையும் எடையும் காலைக் கனமும் ஒன்றாக வந்து நிற்பது தற்செயல் இல்லை.

சரி, ஏன் மூன்று மணி? ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பங்கு ராத்திரியின் முன்பாதியிலேயே முடிந்துவிடும். பின்பாதி லேசானது, கனவுகள் அதிகம். உடல் வெப்பம் நாலு மணிவாக்கில் அடிமட்டத்தைத் தொடும், கார்ட்டிசால் அதற்கு முன்னாலிருந்தே ஏறத் தொடங்கி விடியலில் உச்சத்துக்குப் போகும். மனச்சோர்வு வந்தவர்களில் பலருக்குக் கார்ட்டிசால் ராத்திரியிலும் சரியாக இறங்குவதில்லை. தூங்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து வர வேண்டிய முதல் கனவுத் தூக்கம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. ஏற்கெனவே மெலிந்த பின்பாதியை ஒரு சின்ன அசைவு கூட உடைத்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு, மனச்சோர்வு உள்ளவர்களை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்தால் அவர்களில் பாதிப்பேருக்கு மறுநாள் மனசு தெளிந்துவிடுகிறது. அடுத்த ராத்திரி தூங்கி எழுந்ததும் பெரும்பாலோருக்குப் பழைய பாரம் திரும்பிவிடுகிறது. (வீட்டில் முயற்சி பண்ண வேண்டாம், சிலருக்கு இது மனசை எதிர்ப்பக்கம், அளவு மீறிய எழுச்சிக்கு, கொண்டுபோய்விடும்.) யோசிக்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்று சொல்கிற மகனிடம் இதைக் காட்டுங்கள். மனசுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று மூளை இரண்டு ரேஷன் கார்டு வைத்துக்கொள்வதில்லை.

மாத்திரையைப் பத்து நாளில் எடை போடாதீர்கள், வேலை தெரிய நாலைந்து வாரம் ஆகலாம். நீங்களாக நிறுத்தவும் கூடாது. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தாயிற்றா? மாதவிலக்கு நிற்கிற வயது, ராத்திரியில் குப்பென்று வியர்த்து முழிப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், குறட்டை இருந்தால் அதையும். மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டால் எழுந்து கூடத்தில் மங்கின விளக்கில் உட்காருங்கள், பூ கட்டுங்கள், கீரை ஆயுங்கள், கண் இழுக்கும்போது மட்டும் திரும்பிப் படுங்கள். எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். ஆறு மாதமாக உங்கள் கட்டில் முழித்துக் கிடக்கிற இடமாகப் பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தைப் பிரிக்கத்தான் இது. பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும், ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் தர வேண்டிய சிகிச்சையில் இதுதான் நடுநாயகம். பக்கத்து வீட்டுப் பதற்ற மாத்திரை அல்ப்ராசோலத்தில் பாதி உடைத்துப் போட்டுக்கொள்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தை அது இன்னும் குறைக்கும், பழகிவிட்டால் விடுவதும் கஷ்டம். அந்த மூன்று மணிக்கு ‘இருந்து என்ன’ என்று தோன்றினால் மகனை எழுப்புங்கள், இல்லை 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு எண், ராப்பகலாக இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

கேள்வி: தூக்கத்தில் முழிப்பு வருகிறது, ஆனால் கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்து அமுக்குகிறார்கள், கத்த வாய் வரவில்லை. அமுக்குவான் பேய் என்று அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போகிறார். எனக்குப் பரீட்சை நேரம். (வில்லியனூர்)

பதில்: தம்பி, கனவில் ஓடும்போது நீ நிஜமாகவே எழுந்து ஓடாமல் இருக்கத் தண்டுவடத்தின் தசை நரம்புகளை மூளைத்தண்டு பூட்டிவைக்கிறது. கண்ணையும் உதரவிதானத்தையும் மட்டும் விட்டுவைக்கும். 1960-களில் பிரான்சின் லியோன் நகரத்தில் மிஷல் ஜுவே என்ற ஆராய்ச்சியாளர் பூனைகளின் மூளைத்தண்டில் அந்தப் பூட்டு இருக்கிற இடத்தைக் கெடுத்துப் பார்த்தார். பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து இல்லாத எலி மேல் பாய்ந்தன. உனக்கு நடப்பது நேர் எதிர், பூட்டு திறக்கும் முன்பே நீ முழித்துவிடுகிறாய். விலாத் தசைகள் தளர்ந்து கிடப்பதால் மூச்சை இழுக்க முடியாத மாதிரி தெரியும், பய உணர்ச்சிப் பகுதி ஏற்கெனவே கனவுக்காகச் சூடாக இருக்கிறது, அதற்கு ஓர் ஆளைக் காட்ட எவ்வளவு நேரமாகும். எனக்கே ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தொடர் டியூட்டிக்குப் பிறகு வந்திருக்கிறது, காரணம் தெரிந்தும் பயந்தேன். மல்லாந்து படுக்காதே, பரீட்சைக்காகத் தூக்கத்தைக் கழிக்காதே. அம்மாவோடு வேப்பிலைக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. பகலில் தடுக்க முடியாமல் தூங்கி விழுவதும் சிரித்தால் முழங்கால் மடங்குவதும் சேர்ந்திருந்தால் அது வேறு விஷயம், நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம் வருகிறது. மருந்து மாதிரிதானே? (முத்தியால்பேட்டை)

பதில்: தூக்கத்துக்குள் தள்ளிவிடும், உள்ளே இருக்கவிடாது. கனவுத் தூக்கத்தை அமுக்கும், தொண்டைத் தசையைத் தளர்த்திக் குறட்டையைக் கூட்டும், நடுராத்திரிக்கு மேல் சாராயம் கரைந்ததும் மூளை எதிர்த்துக் கிளம்பும், நெஞ்சு படபடக்க எழுவீர்கள். அதற்காக நாளைக்கே திடீரென்று நிறுத்தாதீர்கள், தினமும் குடிக்கிறவருக்கு அதில் வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: படுத்தால் கால் குடைகிறது, எழுந்து நடந்தால் நிற்கிறது. வீட்டில் யாரும் நம்புவதில்லை. (பண்ருட்டி)

பதில்: நான் நம்புகிறேன் அக்கா. மூளையில் நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமினைத் தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும், அது குறைந்தவர்களுக்கு இந்தக் குடைச்சல் அதிகம். ஃபெரிட்டின் (உடம்பில் சேர்த்துவைத்த இரும்பின் அளவு) என்று எழுதிக் கேட்டு ரத்தம் பாருங்கள். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று போட்டிருந்தாலும் 75-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், அது இரும்பு ஏறுவதைத் தடுக்கும். தூக்கத்துக்காகச் சளி மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அதை நிறுத்துங்கள், தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகள் பலவும் குடைச்சலைக் கூட்டும்.

கேள்வி: மகனுக்கு 23 வயது. ஐந்து நாளாக ராத்திரி இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறான், ஆனால் களைப்பே இல்லை. ஓயாத பேச்சு, கடற்கரைப் பக்கம் நாலு கெஸ்ட் ஹவுஸ் எடுக்கப்போகிறேன் என்று கடன் கேட்டு அலைகிறான். போன வருடம் மூன்று மாதம் சோர்ந்து படுத்திருந்தவன், அதனால் முதலில் சந்தோஷப்பட்டோம். (லாஸ்பேட்டை)

பதில்: இதழ் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. தூக்கம் வராமல் தவிப்பது ஒன்று, தூக்கமே தேவைப்படாமல் போவது இன்னொன்று. இரண்டாவது, அதுவும் முன்பு சோர்வு வந்துபோன ஒருவருக்கு என்றால், மனசு ஒரு சமயம் சோர்வுக்கும் ஒரு சமயம் அளவு மீறிய எழுச்சிக்கும் போகிற இருமுனை நோயின் எழுச்சிக் கட்டமாக இருக்கலாம். இதில் தூக்கக் குறைவு அறிகுறி மட்டுமில்லை, எரிகிற அடுப்புக்கு விறகும் அதுதான். உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், ஜிப்மரில் அதற்கென்று பிரிவு இருக்கிறது. போன வருடத்து மனச்சோர்வு மாத்திரை மிச்சமிருந்தால் கொடுக்காதீர்கள், இன்னும் மேலே ஏற்றிவிடும். வாதம் பண்ணாதீர்கள், ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலமே விளக்கையும் சத்தத்தையும் குறையுங்கள். லித்தியம் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தால் பயப்பட வேண்டாம். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் இந்த நோய்க்குப் பயன்படுத்திக் காட்டியது, இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது, உடம்புக் கடிகாரத்தையும் சற்று மெதுவாக்குகிறது. சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை மட்டும் தவறக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் மதியம் பல கடைகளைப் பூட்டிவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சோம்பேறித்தனம் என்கிறான் சென்னை மச்சான். (புதுச்சேரி)

பதில்: மச்சானை மதியம் இரண்டரை மணிக்குக் கவனித்துப் பாருங்கள். சாப்பிடாமல் இருந்தாலும் அந்த நேரத்தில் முழிப்பு ஒரு படி இறங்கும், உடம்புக் கடிகாரம் அப்படி. மூன்று மணிக்கு முன்னால் 20 நிமிடம் தூங்கலாம். முக்கால் மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள், எழுந்ததும் எந்த ஊர் என்றே கொஞ்ச நேரம் தெரியாது. திருப்பாதிரிப்புலியூர் அம்மாவுக்கு மட்டும் இப்போதைக்கு இந்த 20 நிமிடமும் கிடையாது, ராத்திரிக்குச் சேர்த்துவைக்க வேண்டிய அடினோசினை மதியமே செலவழிக்க வேண்டாம்.