மடிப்பில் எழுதிய வரி

அன்புள்ள ஐயா,

கடையத்தில் இருக்கும் என் ஆச்சி, போனில் பேசும்போதெல்லாம் ‘ஒரு காயிதம் போடுலே’ என்கிறாள். இன்லாண்டு லெட்டர் வாங்கிவிட்டேன். ‘நலம், நலமறிய அவா’ என்பதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை. தினமும் பேசுகிறவளுக்குக் கடிதத்தில் எதை எழுதுவது?

ச., சென்னை

அன்புள்ள ச.,

சிறுவயதில் எங்கள் தெருவில் எழுதத் தெரியாதவர்களுக்கு நான்தான் கடிதம் எழுதுவேன். பம்பாயில் இருந்த கணவருக்கு எழுதச் சொல்லி வரும் ஓர் அத்தை, எருமை ஈன்றது, கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தது, கோயில் கொடைக்கு நாள் குறித்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் நான் ‘நிற்க’ என்று போட்டு அடுத்ததற்குத் தாவுவேன். தாள் நிறைந்து, மடித்து, பசை போதாமல் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டப்போகும் நேரத்தில்தான், ‘பெரியவனுக்கு ராத்திரி இருமல் நிக்கல, இதையும் எழுதிரு’ என்பார். அதை எழுத மடிப்பின் ஓரத்தில் அரை விரல் இடம்தான் மிஞ்சியிருக்கும். கடிதத்தைப் பிரிக்கும்போது முதலில் கிழிவதும் அந்த ஓரம்தான். அதற்கு முந்தைய வரிகளெல்லாம் அந்த ஒரு வரியைச் சொல்லத் தைரியம் வருவதற்காகச் சொன்னவை என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது.

ஆகவே, நீங்கள் மடிப்பில் எழுதக்கூடிய வரியை முதலில் எழுதிவிடுங்கள். போனில் ‘சாப்பிட்டியா’ என்று ஆச்சி கேட்டதும் ‘ம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறீர்களே, அந்த ‘ம்’ மறைத்த சங்கதி எதுவோ அதுதான் கடிதம். அறையில் நீங்களே வைத்த தேங்காய்ப்பால் சொதி ஏன் திரிந்துபோனது என்று அரைப் பக்கம் எழுதினாலும் ஆச்சி நாலு முறை படிப்பார். கண் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுவார். அடுத்தவர் வாயால் வாசிக்கப்படலாம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ராஜவல்லிபுரத்துக்காரரான எழுத்தாளர் வல்லிக்கண்ணன், பெயர் தெரியாத இளம் எழுத்தாளர்களுக்குக்கூட ஓயாமல் கடிதம் எழுதியவர். அவருடைய அஞ்சலட்டையைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓர் அட்டையில் எத்தனை வரி பிடிக்கும்?

முகவரியில் பின்கோடை விட்டுவிடாதீர்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள அந்த ஆறு இலக்கங்களில் முதல் மூன்றான 627, கடிதத்தை நம் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். கடைசி மூன்று இலக்கங்கள் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். (2019இல் தென்காசி தனி மாவட்டம் ஆனபோதும் கடையத்துக்கு 627 மாறவில்லை, அஞ்சல்துறையைப் பொறுத்தவரை நாம் இன்னும் பங்காளி பிரியாத குடும்பம்.) இன்லாண்டுக்குள் போட்டோ, ரூபாய் நோட்டு எதுவும் வைக்கக்கூடாது, வைப்பதாக இருந்தால் கவரில் அனுப்புங்கள்.

இன்னொன்று. நல்ல செய்தி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுங்கள். முன்னறிவிப்பில்லாமல் தபால் வந்தால், துக்கச் செய்திக்கு மூலையில் கறுப்பு மை தடவியிருக்குமோ என்று அந்தத் தலைமுறை முதலில் மூலையைத்தான் பார்க்கும். மஞ்சளைப் பார்த்துவிட்டால், ஆச்சி நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் தேடப் போவார்.