திராட்சை விலையை விடுங்கள், வீட்டைக் கேளுங்கள்

அக்கா,

சனிக்கிழமை இங்கே வந்தபோது உங்கள் போனில் காட்டிய படத்தில் இருந்தே தொடங்குகிறேன். வாடிப்போன திராட்சைக் கொத்து ஒன்று, அதன் கீழே நெஞ்சை அடைக்கிற ஒரு விலை. "இந்த விலைக்குப் பழம் வாங்கித் தின்னவோ என்ரை பிள்ளை நாலு வருசம் நேர்சிங் படிச்சவள்?" என்று கேட்டீர்கள். அந்தப் படம் பொய்யில்லை. கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட்டில், இக்கலூயிட்டிலோ ராங்கின் இன்லெட்டிலோ முதல் நாள் கடைக்குள் போகிற எவருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் நீங்கள் போன பிறகு அங்கே இருந்து மகளுக்கு வந்த நேர்ஸ் வேலைக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது நாலாம் பக்கத்தில் இருந்த ஒரு வசனம்: பணியாளர் வீடு, "கிடைப்பதைப் பொறுத்து" வழங்கப்படும்.

அதற்குப் பிறகு வருகிறேன். விலை ஏன் அப்படி என்று விளங்கினால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று தெரியும்.

நுனாவுட்டில் மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ரோட்டு இல்லை. தெற்கே இருந்தும் ரோட்டு இல்லை, ரயிலும் இல்லை. ஒட்டாவாவில் இருந்து இக்கலூயிட்டுக்கு விமானத்தில் மூன்று மணித்தியாலம், கிட்டத்தட்ட 2,100 கிலோமீற்றர். ராங்கின் இன்லெட்டுக்கு வினிபெக் வழியாகப் போவார்கள். பால், முட்டை, மரக்கறி எல்லாம் விமானத்தில் வருகின்றன. மற்றதெல்லாம் கப்பலில். கடல் உறையாமல் இருக்கிற சில மாதங்கள்தான், ஆடியில் இருந்து ஒக்டோபர் வரை என்று வையுங்கள், மொன்றியல் பக்கத்துத் துறைகளில் இருந்து கப்பல்கள் போய்வரும். அங்குள்ளவர்கள் அதை "சீலிஃப்ட்" என்பார்கள். மா, அரிசி, கழிப்பறைத் தாள், சோபா, ஸ்னோமொபைல், வீடு கட்டுகிற பலகை, ஒரு வருசத்துக்கான எல்லாமே அந்தச் சில வாரங்களுக்குள் வந்து இறங்க வேண்டும்.

கடைக்காரரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஸ்காபரோவில் கடை வைத்திருந்தவர், உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த வருசம் வரைக்கும் விற்கப்போகிற சாமானுக்கு இந்தக் கோடையிலேயே காசைக் கட்டி, அதை உறையாமல் சூடாக்கிய கிட்டங்கியில் மாதக்கணக்காக வைத்திருக்க வேண்டும். சூடாக்குவதும் எண்ணெயில், கரண்டும் எண்ணெயில். 25 ஊரிலும் மின்சாரம் டீசல் இயந்திரத்தில்தான் ஓடுகிறது, அந்த டீசலும் கப்பலில் வந்ததுதான். ஆக ஒரு பேணி பீன்ஸின் விலைக்குள் கப்பல் கூலி, எண்ணெய், வட்டி எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

மத்திய அரசு 2011 இலிருந்து "நியூட்ரிஷன் நோர்த்" என்ற பெயரில் சாப்பாட்டுச் சாமானுக்கு மானியம் கொடுக்கிறது. நிறைக்கு இவ்வளவு என்று அந்தக் காசு கடைக்காரருக்குப் போகும், அவர் விலையில் குறைத்துக் காட்ட வேண்டும். முழுவதும் குறைகிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2012 இல் "ஃபீடிங் மை ஃபேமிலி" என்று ஊர் ஊராக மக்கள் கடை வாசல்களில் பதாகையோடு நின்றார்கள். உங்கள் போனுக்கு வந்த படத்தைப் போன்ற படங்களை முதலில் உலகத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான், தங்கள் பிள்ளைகளின் பசியை முன்வைத்து.

இப்போது கணக்குக்கு வருவோம்.

மகள் தனி ஆள், தானே சமைப்பவள். இங்கே சாப்பாட்டுச் சாமானுக்கு மாதம் 350 டொலர் செலவழிக்கிறாள் என்று நீங்களே சொன்னீர்கள். அங்கே அது இரண்டு மடங்காகிறது என்று வைப்போம். வருசத்துக்கு மேலதிகமாக 4,200 டொலர். இரண்டு தரம் வீட்டுக்கு வந்து போக விமான டிக்கெட், ஒரு தரத்துக்கு 2,000 என்று போட்டால் இன்னொரு 4,000. இவ்வளவும் சேர்ந்து 8,200. கூடத்தான், ஆனால் 1 இலட்சத்தைத் தாண்டிய சம்பளம் தாங்காத செலவில்லை.

வீட்டு வாடகையைப் போடுங்கள். இக்கலூயிட்டில் தனியாரிடம் இரண்டு அறை வீடு மாதம் 2,500 டொலருக்குக் கீழே கிடைப்பது அதிர்ஷ்டம். வருசத்துக்கு 30,000. வேலைக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிற வடபகுதிக் கொடுப்பனவு 15,000 ஐ ஒட்டித்தான் இருக்கிறது, அதுவும் வரிக்கு உட்பட்டது. கொடுப்பனவு முழுவதையும் வாடகை விழுங்கி, சம்பளத்திலும் கை வைக்கும். சலுகை வாடகையில் பணியாளர் வீடு கிடைத்தால் அந்தக் கொடுப்பனவின் பெரும்பகுதி கையில் நிற்கும். ஒரே சம்பளம், ஒரே கடை, ஒரே திராட்சை. வீடு கிடைத்த நேர்ஸ் ஒருத்தி நாலு வருசத்தில் ஓசாப் என்கிற ஒன்ராறியோ படிப்புக் கடனை முடித்துக்கொண்டு வருவாள், கிடைக்காதவள் கடனட்டையோடு வருவாள்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருசங்களுக்கு முன் கணக்காளர் படிப்பு முடித்த ஒரு பையன் இதே கதிரையில் இருந்து ஒரு வேலைக் கடிதத்தைக் காட்டினான். "தற்போது வீடு இல்லை" என்று அதில் வெளிப்படையாகவே இருந்தது. போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். நானும் வற்புறுத்தவில்லை, அது என் பிழை. வேறொருவரின் வீட்டில் ஓர் அறைக்கு இங்கே முழு பேஸ்மென்டுக்குக் கொடுக்கிற வாடகையைக் கொடுத்தான். இரண்டு தரம் அறை மாறினான். பதினொராம் மாதம் திரும்பி வந்துவிட்டான். வருசம் முடியுமுன் வந்ததால் போகும்போது கொடுத்த இடமாற்றச் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அந்த நிபந்தனை கடிதத்தின் பின்னிணைப்பில் இருந்ததை நாங்கள் இரண்டு பேரும் அப்போது வாசிக்கவில்லை.

ஆகையால் மகள் கையெழுத்துப் போடுமுன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை சில. வேலை தொடங்கும் திகதியில் வீடு உறுதியா, அல்லது காத்திருப்போர் பட்டியலா? தனி வீடா, இன்னொருவரோடு பகிர வேண்டுமா? தளபாடம் உண்டா? வாடகை எவ்வளவு, கரண்ட், தண்ணீர், சூடேற்றும் எண்ணெய் அதற்குள் அடங்குமா? சாமான் கொண்டுபோக எத்தனை கிலோவுக்குக் காசு தருவார்கள், திரும்பி வரும்போதும் தருவார்களா, எத்தனை வருசம் இருந்தால்? வேலையை விட்டால் வீட்டை எத்தனை நாளில் காலி பண்ண வேண்டும்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். அங்கே வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியவை, கேட்காமல் போகக் கூடாது. பதில்கள் எழுத்தில் வர வேண்டும். ஆள் எடுப்பவர் போனில் "பிரச்சினை இல்லை" என்று சொல்வது நல்ல மனதோடுதான், ஆனால் வீட்டை ஒதுக்குவது அவர் இல்லை.

தண்ணீர் என்றேன். அதை இங்கே இருந்து கற்பனை பண்ண முடியாது. பெரும்பாலான ஊர்களில் நிலத்துக்குக் கீழே குழாய் போட முடியாது, நிலம் நிரந்தரமாக உறைந்தது. பவுசர் வந்து வீட்டுத் தாங்கியை நிரப்பும், இன்னொரு பவுசர் வந்து கழிவுத் தாங்கியை உறிஞ்சும். கழிவுத் தாங்கி நிரம்பினால் தண்ணீர்ப் பம்பு தானாக நின்றுவிடும். தலையில் ஷாம்புவோடு நிற்கும்போது நிற்கும். பனிப்புயல் என்றால் பவுசரும் வராது. இக்கலூயிட்டில் ஒரு பகுதிக்குக் குழாய் உண்டு, ஆனால் 2021 ஒக்டோபரில் அந்தத் தண்ணீரில் எரிபொருள் கலந்து, ஏறத்தாழ இரண்டு மாதம் குடிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். போத்தல் தண்ணீர் விமானத்தில் வந்தது. இதெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. எண்பதுகளில் கிணற்றில் அள்ளிக் குளித்த அம்மாவின் பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கத் தெரியாமலா போகும்?

வரிப் பக்கம் நல்ல செய்தி உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து அங்கே குடியிருந்தால் வடபகுதி வாசிகளுக்கான வரிக்கழிவு கேட்கலாம். நாளுக்கு 11 டொலர். அந்த வீட்டில் வேறு எவரும் கேட்கவில்லை என்றால் இன்னொரு 11. முழு வருசத்துக்கு 8,030 டொலர் வருமானத்தில் இருந்து கழியும். தோழியோடு வீட்டைப் பகிர்ந்து இரண்டு பேரும் கேட்டால் ஆளுக்குப் பாதிதான். ஊருக்கு வந்துபோன பயணத்துக்கும் கழிவு உண்டு, ஆகவே டிக்கெட் ரசீதுகளை எறிய வேண்டாம். படிவம் டி2222. எங்கள் ஆட்களுக்கு வரி செய்கிற பலருக்கு இந்தப் படிவத்தோடு பழக்கமில்லை, மகளே கேட்டு வாங்க வேண்டும். மற்றப் பக்கம், சம்பளத்தில் 2 சதவீதம் நுனாவுட் வரியாகப் பிடிப்பார்கள். கடையில் எங்கள் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி இல்லை, 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும்.

ஓசாப் கடனில் மத்திய அரசின் பங்குக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒதுக்குப்புறச் சிற்றூர்களில் வேலை செய்யும் நேர்ஸுகளுக்கு ஐந்து வருசத்தில் 30,000 டொலர் வரை அந்தக் கடனைத் தள்ளுபடி செய்கிறார்கள். மாகாணப் பங்கு இதில் சேராது. மகளின் கடன் எவ்வளவு, அதில் எது எந்தப் பங்கு என்று அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். சம்பளத்தைவிட எனக்கு அந்தக் கணக்கில்தான் கண்.

கலியாணப் பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு நான் ஆலோசகன் இல்லை, அக்கா.

ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. "அந்தப் பனிக்காட்டில் ஆர் இருக்கினம்" என்றீர்கள். அங்கே இருப்பவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் அந்த மண்ணின் பழங்குடிகளான இனுயிட் மக்கள். அதே கடை, அதே விலை, ஆனால் அவர்களில் பெரும்பாலானோருக்கு மகளின் கொடுப்பனவும் இல்லை, சம்பளமும் இல்லை. 2007, 2008 இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் அங்கே பத்தில் ஏழு இனுயிட் வீடுகளில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு இருந்தது. கரிபூ மான், ஆர்க்டிக் சார் மீன், சீல் இறைச்சி என்று வேட்டையாடி உறவுக்குள் பகிர்ந்துதான் பல வீடுகள் சமாளிக்கின்றன. வேட்டைக்குப் போகவும் ஸ்னோமொபைலும் பெற்றோலும் வேண்டும், அதற்கும் காசு. நாளைக்கு மகளிடம் மருந்துக்கு வரப்போகிறவர்கள் இவர்கள்தான். கடை வரிசையில் நின்று திராட்சை விலைக்கு உச்சுக்கொட்ட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். பின்னால் நிற்கிற தாய் அதைவிடப் பெரிய கணக்கைப் போட்டுக்கொண்டு நிற்கலாம்.

என் அபிப்பிராயம் இதுதான். வீடு எழுத்தில் உறுதியானால் போகட்டும், இரண்டு வருசத்துக்கு. உறுதியாகாவிட்டால் இதை மறுத்துவிட்டு, சில வாரங்களுக்கான குறுகிய ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கட்டும். மூன்று வருச வார்ட் அனுபவம் அவளுக்கு இருக்கிறது. அப்படிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட்டும் தங்குமிடமும் வேலை கொடுப்பவர்களே கொடுப்பார்கள். மார்கழி மாத இருட்டையும் குளிரையும் ஒருதரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். முதல் தரமே ஊரைவிட்டு வெகுதூரம் வடக்கே உள்ள சிறு மருத்துவ நிலையத்துக்குத் தனியாகப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன், சம்பளம் எவ்வளவு கூடவாக இருந்தாலும்.

கதவடியில் நின்று கறித்தூள் எவ்வளவு கட்டிவிட என்று கேட்டீர்களே. இரண்டு கிலோ போதும், ஒருத்திக்கு ஒரு வருசம் வரும். சிவப்பரிசி மா, பருப்பு, தேங்காய்ப்பால் பவுடர் போன்ற பாரமானவற்றைப் பெட்டியில் திணிக்க வேண்டாம், அவள் ஆவணிக்கு முன் போனால் சீலிஃப்டில் ஏற்றலாம். முன்பதிவுக்குக் கடைசித் திகதி உண்டு, அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கறிவேப்பிலையை மட்டும் நிழலில் காயவைத்துக் கைப்பையில் கொடுத்துவிடுங்கள்.