ஒரு வெப்கொமிக் (இணையத்தில் தொடராக வரும் படக்கதை) ஓவியரின் வரைபாணி வருடங்கள் போகப்போக ஏன் இவ்வளவு மாறுகிறது? பழைய அத்தியாயங்களைத் திருப்பி வரையலாமா?

கை தேறுவதால் மட்டுமில்லை. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரையவேண்டி இருப்பதால்தான் பாதி மாற்றம் வருகிறது என்பேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஓர் அம்மம்மாவையும் பேத்தியையும் வைத்துச் சில வருடமாக வெப்கொமிக் போடுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தொடக்கத்தில் அம்மம்மாவுக்குச் சேலை மடிப்பு, மூக்குத்தி, கழுத்துச் சுருக்கம், புறங்கை நரம்பு என்று ஒன்றும் விடாமல் கீறுவேன். கிழமைக்கு ஓர் அத்தியாயம் என்று ஓடத் தொடங்கினால் கை தானாகவே கணக்குப் பார்க்கும். எந்தக் கோடு இல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் தெரியுமோ, அது முதலில் கழன்றுவிடும். இப்போது அவவுக்கு மிஞ்சியிருப்பது கொண்டை, மூக்குத்தி, கூனல் முதுகு. கிடுகு வேலியும் அப்படித்தான். படலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் பின்னல், மிச்சத்துக்கு நாலு சாய்கோடு. ஆனால் நல்லூர்க் கோபுரம் திருவிழா நேரம்தான் கதைக்குள் வரும். அதை இன்றைக்கும் பழையபடி அடிமட்டம் வைத்து, பயந்து பயந்துதான் கீறுகிறேன். எதை அடிக்கடி வரைகிறோமோ அதுதான் மாறும்.

அடுத்தது போன். யாரும் தங்கள் படக்கதையை ஏற்றக்கூடிய வெப்டூன் கான்வஸ் தளத்தில் படம் 800 பிக்சல் அகலம். சனம் அதைப் பஸ்ஸில் நின்றுகொண்டு கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும். அந்த அகலத்துக்குள் முழு உருவத்தை நிறுத்தினால் முகம் கடுகளவு. தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு தலையிடி: ‘கதைச்சுக்கொண்டிருக்கிறாங்கள்’ என்று ஒரு சொல் வந்தாலே பேச்சுக்குமிழ் பெட்டியின் பாதியைத் தின்றுவிடும். மிஞ்சின இடத்தில் உடம்பைச் சுருக்கி, தலையைப் பெருப்பித்து, கண்ணிலும் வாயிலும் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதுதான். “அக்கா, முதல் அம்மம்மா மெலிஞ்சவ, இப்ப ஏன் தலை மட்டும் ஊதிப்போய்க் கிடக்கு?” என்று ஒரு பெடியன் கேட்டான். காரணம் இதுதான், தம்பி.

கருவியும் கோட்டை மாற்றும். கிரிட்டா போன்ற படம் வரையும் மென்பொருள்களில் நடுக்கத்தைச் சமன்படுத்தும் வசதி இருக்கிறது. அதைக் கூட்டி வைத்தால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். வடிவுதான், ஆனால் யார் கீறினது என்று தெரியாது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது ரப்லெற்றை மூடிவைத்துவிட்டு கொப்பியில் பேனையால் வரைந்தேன். அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை வேறுமாதிரி நடக்கும். மின்சாரம் வந்தபிறகும் அந்தத் தடித்த, கொஞ்சம் முரடான கோட்டை நான் விடவில்லை.

வயதும் உண்டு. இது வெப்கொமிக் இல்லை, பத்திரிகைத் தொடர்; ஆனாலும் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சார்ல்ஸ் ஷூல்ஸ் ‘பீநட்ஸ்’ஸை 1950 முதல் 2000 வரை உதவியாளர் இல்லாமல் தானே வரைந்தார். ஆரம்பத்து ஸ்னூப்பி நாலு காலில் ஓடித்திரியும் சாதாரண நாய்க்குட்டி; பிறகுதான் இரண்டு காலில் எழும்பி நின்றது. பிற்காலத்தில் அவருக்குக் கைநடுக்கம். கடைசி வருடங்களின் கோடுகளை உற்றுப் பார்த்தால் அந்த நடுக்கம் அப்படியே தெரியும். எனக்கு அந்தக் கோடுதான் கூடப் பிடிக்கும்.

பத்திரிகைக்கும் இணையத்துக்கும் ஒரு வித்தியாசம். அன்றைய பேப்பர் அடுத்த நாள் வடை சுத்தப் போய்விடும். இணையத்தில் முதல் அத்தியாயம் எப்போதும் வாசலிலேயே நிற்கும். கிழமைக்குக் கிழமை வாசிப்பவருக்கு மாற்றம் கண்ணில் படாது. புதிதாக வந்து ஒரே இரவில் எல்லாவற்றையும் வாசிப்பவருக்குத்தான் ஆளே மாறிப்போன மாதிரி இருக்கும். அதுதான் பலருக்குப் பழையதைத் திருப்பி வரைய ஆசை வருகிறது.

என்னைக் கேட்டால் வேண்டாம். ‘ஒன்-பஞ்ச் மேன்’ 2009இல் யப்பானில் ஒன் என்ற புனைபெயர்க்காரர் இணையத்தில் கிறுக்கின மாதிரி வரைந்து தொடங்கிய படக்கதை. கோடு கோணல் என்று வாசகர் ஓடிவிடவில்லை. 2012இல் முராத்தா யூசுகே என்ற ஓவியர் அதை மினுக்கி வரையத் தொடங்கிய பிறகும் ஒன் தன் கோணல் கோட்டிலேயே தன்ர பதிப்பைத் தொடர்ந்தார். திருப்பி வரையத் தொடங்கினால் புதிய அத்தியாயம் நின்றுபோகும்; வரைந்து முடிக்கும்போது பாணி இன்னொருக்கா மாறியிருக்கும். என் பழைய பக்கங்களில் போனில் வாசிக்க முடியாத இடங்களுக்கு எழுத்தை மட்டும் பெருப்பித்துப் போட்டிருக்கிறேன். படத்தில் கைவைக்கவில்லை.