வாசகர் கேட்டவை: பன்னிரண்டாம் நாளில் என்ன நடக்கிறது?

கேள்வி: எண்ணூர் பக்கம் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டில் வாரம் ஒரு ஷிப்டாக மாறி மாறி வேலை பார்க்கிறேன். வயது 43. சர்க்கரை எல்லையில் இருப்பதாக மருத்துவர் சொன்னதால், பொங்கல் முடிந்ததும் அதிகாலை ஐந்து மணிக்கு இராபின்சன் பூங்காவில் ஒரு மணி நேரம் நடப்பது, இனிப்பை விடுவது, அன்றாடம் கணக்கு எழுதுவது, பாதியில் விட்ட பட்டப் படிப்பை அஞ்சல்வழியில் முடிப்பது என்று நான்கு தீர்மானங்கள் எடுத்தேன். இரண்டாம் ஷிப்டு இருந்த முதல் வாரம் நன்றாகவே போயிற்று. இரவு ஷிப்டு வந்த மறுவாரத்தில், பன்னிரண்டாம் நாளோடு எல்லாம் நின்றுவிட்டது. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அந்த 21ஐ நான் எட்டியதே இல்லை. பிள்ளைகள் 'ஆரம்பச் சூரர்' என்று கேலி செய்கிறார்கள்.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பிள்ளைகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரவு ஷிப்டில் இருப்பவர் காலை ஐந்து மணிக்கு யார்டில் அல்லவா இருப்பார்? பூங்காவில் எப்படி நடப்பார்? குறை உங்கள் மன உறுதியில் இல்லை. வாரந்தோறும் வேலை நேரம் மாறுகிற ஒருவர் தமது பழக்கத்தைக் கடிகாரத்தில் கொண்டுபோய்க் கட்டியதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 21 நாள் கணக்கை விட்டுவிடுங்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர், தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். காலப்போக்கில் முகமும் மறைந்தது, 'குறைந்தது' என்ற சொல்லும் மறைந்தது, எண் மட்டும் மிஞ்சியது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்றும், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறும் என்றும் கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் அதனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

எந்த ஷிப்டானாலும் வேலைக்குக் கிளம்புமுன் நீங்கள் குளிக்கத்தான் போகிறீர்கள். குளிப்பதற்கு முன் பத்து நிமிடம் தெருவில் நடப்பது என்று வைத்துக்கொண்டால், அது ஒரு வாரம் விடியற்காலையிலும் மறுவாரம் இரவு எட்டு மணிக்கும் வரும்; ஆனால் குளியல் நினைவூட்டுவதால் தவறாது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நான் மறக்கவில்லை. அது போய்ச் சேர வேண்டிய இலக்கு. பத்து நிமிடம் என்பது இன்றைக்கு வாசற்படி தாண்ட வைக்கிற பழக்கம். இரண்டையும் ஒரே நாளில் சாதிக்க முயல்பவர்கள்தான் புது ஷூவைப் பரணில் வைக்கிறார்கள்.

மழைக்காலத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதால், மழை பெய்தால் வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்குவது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் சொன்ன பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. நாம் கட்சி தொடங்கவில்லை, பத்து நிமிடம் நடக்கிறோம், ஆகவே நனைய வேண்டியதில்லை. இனிப்பைப் பற்றி மருத்துவர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். கணக்கும் பட்டப் படிப்பும் நடை பழகிய பிறகு வரட்டும்.

கேள்வி: காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன். கணவர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்துக்கென்று மாதம் இரண்டாயிரம் சேர்க்க நினைத்து மூன்றாம் மாதமே தோற்றுப்போகிறேன்.
– வாசகி, காசிமேடு

பதில்: மாதச் சம்பளம் வாங்குபவரின் இலக்கை நீங்கள் இரவல் வாங்கியிருக்கிறீர்கள், அம்மா. கடல் மாதக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த நாட்களுக்கு அரிசி, வாடகை, பள்ளிச் செலவு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள், அதுதான் உங்கள் இலக்கு. சேர்ப்பதை மட்டும் தொகையாக வைக்காமல் பங்காக வையுங்கள். விற்று முடித்து, ஏலத்தில் எடுத்த மீனுக்குப் பணம் கட்டிய கையோடு, மிஞ்சியதில் பத்தில் ஒன்றைக் கூடையைக் கழுவுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். முந்நூறு மிஞ்சினால் முப்பது. ஒன்றும் மிஞ்சாத நாளில் ஒன்றும் வைக்க வேண்டாம். அது தோல்வி ஆகாது. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதத் தவணை தவறினால் அபராதம் உண்டு என்பதால், உங்களுக்குச் சாதாரணச் சேமிப்புக் கணக்கே ஏற்றது.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். மாலையானால் கால்கள் தாமாகவே கேரம் கிளப்புக்குப் போகின்றன. கிளப்பை விட்டுவிடவா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம். 2024இல் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னைக்காரர்தான். அந்தப் பலகையைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. தாமாகவே போகிற கால்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்றால், வழியில் உள்ள நூலகத்தில் ஒரு மணி நேரம் அவற்றை நிறுத்திவிட்டு, அதன் பிறகு கிளப்புக்கு அனுப்புங்கள்.